தபால்காரருக்கு ஒரு தம்ளர் தண்ணீர்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பி,

நலம் என்று எழுதப் பேனாவை எடுத்தேன். உள்ளறையிலிருந்து அப்பா இருமினார். சரி, பாதி நலம் என்று வைத்துக்கொள். மீதிப் பாதியை நீ அங்கே சேர்த்து வைத்திருப்பாய் என்று நம்புகிறேன்.

ஊர் முழுக்க ஒரே காய்ச்சல். எங்கள் கண்ணாடிக் கடையில் கண் பார்க்கிறவர் படுத்துவிட்டார். முதலாளி ஒரு கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறு கையால் வருகிறவர்களுக்கு ஃப்ரேம் மாட்டிப் பார்க்கிறார். நான்தான் இதை வீட்டுக்குக் கொண்டுவந்தேனாம். "நீ மூக்குக்கண்ணாடி விக்கிறியா, மூக்குச்சளி விக்கிறியா?" என்று கேட்கிறார் அப்பா. இந்த வாய் மட்டும் இல்லையென்றால் அவரை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும்.

ஆனால் ஆள் படுத்துவிட்டார்டா. பகலில் அப்பா படுத்து நீ பார்த்திருக்கிறாயா? சாப்பாடு இறங்கவில்லை. பச்சைத் தண்ணீர் கசக்கிறதாம். பாதி ஊருக்குக் குழாய் போட்டுத் தண்ணீர் கொடுத்தவர், ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்க அழிச்சாட்டியம் பண்ணுகிறார். டாக்டரிடம் போகலாம் என்றால், "என் பையன் அனுப்பின மாத்திரை இருக்கு, போதும்" என்கிறார். முட்டிவலிக்கு நீ அனுப்பியது இப்போது காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் இடுப்புக்கும் ஆகிவிட்டது. சர்வரோக நிவாரணி. எனக்கு எட்டாமல் அதைத் தன் வாஷர் டப்பாவில், ரப்பர் வாஷர்களுக்கு அடியில் புதைத்து வைத்திருக்கிறார். இந்த வீட்டில் அதற்குப் பெயரே தம்பி மாத்திரைதான்.

நீ கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். "என் பையன்" என்றுதான் சொன்னார். என்னிடம் இல்லை, சுவரைப் பார்த்து. இருந்தாலும் சொன்னார்.

குழாய்க்காரர் வீட்டு அடுப்படிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பாதி நலம் கிடைத்தது. என் பங்கையும் சேர்த்து அனுப்புகிறேன், அப்பாவுக்குக் கொடு.

இங்கே சுரங்கத்தில் ஊற்று அதிகமாகிவிட்டது. மூன்று ஷிஃப்டும் பம்ப் ஓடுகிறது. அப்பா வீட்டுக்குள் தண்ணீரைக் கொண்டுவருகிறார், மகன் பூமிக்குள்ளிருந்து தண்ணீரை வெளியே தள்ளுகிறான். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தண்ணீராவது போய்வந்துகொண்டிருக்கிறது.

"என் பையன்" என்று நீ எழுதிய வரியை அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். சிரிக்காதே. உனக்குத் தெரியாததா? நான் போட்ட ஜாயின்ட் விட்டுப்போய் அந்த மாடி வீடு முழுக்கத் தண்ணீர் நின்றபோது, வீட்டுக்காரர்கள் எல்லாரும் பார்க்க என்னை அறைந்தாரே, அதற்குப் பிறகு என்னைப் பெயர் சொல்லியோ உறவு சொல்லியோ அவர் கூப்பிட்டதில்லை. "கசிவைக் கண்டா முதல்ல மெயின் வால்வை மூடு, யார் போட்ட ஜாயின்ட்டுன்னு அப்புறம் பாரு" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். அன்றைக்கு வால்வு மறந்துவிட்டது, கன்னம் ஞாபகம் இருந்தது.

முகாம் கம்பவுண்டர் தங்கமான மனிதர். கேட்டால் வலி மாத்திரையைக் கை நிறைய அள்ளிக் கொடுப்பார். இங்கே எல்லாரும் அதைப் போட்டுக்கொண்டுதான் குனிந்து நிமிர்கிறோம். இதோடு இரண்டு அட்டை வைத்திருக்கிறேன். அப்பாவிடம் நேரே கொடு, நான் கொடுக்கச் சொன்னதாகச் சொல். அவர் பெயருக்கே அனுப்பலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன். கவர் பிரிக்காமல் திரும்பி வந்துவிட்டால் என்ன செய்வது? அதனால்தான் எப்போதும் உன் பெயர்.

ஆபீஸ் போனில் கூப்பிடாதே. நான் "நல்லா இருக்கேன்" என்பேன், நீ "நல்லா இருக்கோம்" என்பாய், குமாஸ்தா காதைத் தீட்டிக்கொண்டு நிற்பான். எழுது.

தம்பி

பிப்ரவரி 24

அன்புள்ள தம்பி,

பயப்படாமல் படி. அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டார். நுரையீரலில் சளி கட்டியிருக்கிறதாம். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் மாட்டியிருக்கிறார்கள். அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "வளைவுல எல்போ போடாம மடக்கி விட்டிருக்கான், காத்து எப்படி வரும்?" என்று நர்ஸிடம் குறை சொன்னார். ஆகையால் ஆள் இருக்கிறார், கவலை வேண்டாம்.

வேலைப் பை பக்கத்தில் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று அடம்பிடித்ததால், அதையும் கொண்டுபோய்க் கட்டிலடியில் வைத்தேன். நர்ஸ் திறந்து பார்த்தாள். ரெஞ்ச், ஸ்பேனர், வாஷர் டப்பா. மூடிவிட்டாள்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு தபால்காரர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் பழக்கம் போகவில்லை. உன் கவரை என் கையிலிருந்து வாங்கி உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். "ரெண்டு தாள். கூடவே தட்டையா ஏதோ இருக்கு, மாத்திரையா?" என்றார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "என் பையன். சுரங்கத்துல பம்ப் பூரா அவன் பொறுப்புதான்" என்று அளந்தார். தபால்காரர் முகவரியைப் பார்த்தார். "உங்க பேருக்கு வரலியே மேஸ்திரி?" அப்பா கொஞ்சமும் அசரவில்லை. "என் பேருக்கு வர்றது தனியா வரும்" என்றார். அதிலிருந்து என்னைக் கண்டதும் தபால்காரரின் முதல் கேள்வி, "பையன்கிட்டேர்ந்து மேஸ்திரி பேருக்குக் கடிதம் வந்துச்சா?" நான் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொள்கிறேன்.

அந்த மனிதருக்குச் சாயங்காலமானால் உடம்பை முறித்துப் போடுகிற மாதிரி வலி. நம் ஆள் சும்மா இருப்பாரா? டப்பாவைத் திறந்து தம்பி மாத்திரை தானம் செய்துவிட்டார். மறுநாள் தபால்காரர், "உங்க பையன் கைராசிக்காரன்" என்றார். உன் புகழ் பரவுகிறது, போ.

ஒரு சங்கதிதான் டாக்டருக்குப் பிடிக்கவில்லை. இரண்டு பேருக்கும் சிறுநீர் சரியாகப் போகவில்லை. கட்டிலில் தொங்குகிற பையை வந்து வந்து பார்க்கிறார்கள். தபால்காரரின் கால் வீங்கியிருக்கிறது.

சாப்பிட்டாயா? இருமல் கிருமல் இல்லையே?

அக்கா

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

ஆக்ஸிஜன் என்று படித்ததும் கடிதத்தை மடித்துவிட்டேன், மறுபடி பிரித்தேன். நர்ஸிடம் குறை சொன்னதைப் படித்த பிறகுதான் மூச்சு வந்தது. இப்போது இன்னும் தேறியிருப்பார், இல்லையா?

தபால்காரரைப் பற்றி என் அறையில் எல்லாருக்கும் சொன்னேன். கைராசிக்காரன் என்று யாரும் என்னை இதுவரை சொன்னதில்லை. என் கை பட்டால் ஜாயின்ட் விட்டுப்போகும் என்பதுதானே நம் வீட்டு வரலாறு! அதனால் இந்தத் தடவை தனியாக ஒரு பொட்டலம் கட்டியிருக்கிறேன், மேலே "தபால் ஐயாவுக்கு" என்று எழுதியிருக்கிறேன். அவருடையது அவருக்கு, அப்பாவுடையது அப்பாவுக்கு. சண்டை வேண்டாம்.

"என் பேருக்கு வர்றது தனியா வரும்" என்று அப்பா சொன்னதாக எழுதியிருந்தாயே, அது விளையாட்டுக்கா, இல்லை மனதில் ஏதாவது வைத்துக்கொண்டா? உனக்குத்தான் அவர் முகம் தெரியும். யோசித்துச் சொல்.

தம்பி

மார்ச் 15

தம்பிக்கு,

நீ சௌக்கியமாக இருக்க வேண்டும்.

தபால்காரர் போய்விட்டார். சிறுநீர் அடியோடு நின்றுவிட்டது. டயாலிசிஸ் மெஷினில் வைக்கிற அளவுக்கு அவர் உடம்பில் ரத்த அழுத்தம் நிற்கவில்லை. காலையில் நான் போனபோது கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தார்கள். அப்பா அந்தக் கட்டிலைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

அப்பாவுக்கும் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. டயாலிசிஸ் செய்கிறார்கள். ரத்தம் ஒரு குழாயில் வெளியே போய், மெஷினில் சுத்தமாகி, இன்னொரு குழாயில் உள்ளே வருகிறது. குழாய் சமாச்சாரம் அத்தனையும் பேசுகிறவர், இந்தக் குழாய்களைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். ரத்தத்தில் கழிவு சேர்ந்ததால் புத்தி கொஞ்சம் தடுமாறுகிறது. அளந்துதான் தண்ணீர் கொடுக்கிறார்கள். நாக்கு வறண்டு என்னைப் பார்க்கிறார்.

"இந்தக் காய்ச்சல்ல ஆஸ்பத்திரிக்கு வர்றவங்கள்ல நிறையப் பேருக்கு இப்படி ஆகுதும்மா" என்றார் டாக்டர். "கிருமி நுரையீரலோட நிக்கிறதில்ல. ஆக்ஸிஜன் குறையும், தண்ணி வத்திப்போகும், சிறுநீரகம் தாங்காது. திடீர்னு நின்னது பல பேருக்குத் திரும்பி வேலை செய்யும். காத்திருக்கணும்." இன்னும் சில காரணங்களும் சொன்னார்.

நீ அனுப்பிய கவர் வந்தது. இனிமேல் மாத்திரை அனுப்ப வேண்டாம். வெளி மருந்து உள்ளே விடுவதில்லை. வேலைப் பையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

அக்கா

மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறார்? இதை முதலில் எழுதிவிட்டேன், மற்றதெல்லாம் பிறகுதான்.

லீவு கேட்டேன். ஊற்று அடங்கும்வரை பம்ப் ஆட்கள் யாரும் நகரக்கூடாது என்கிறார்கள். அடங்கியதும் வருகிறேன்.

தபால்காரர் செய்தியைப் படித்துவிட்டு அன்று சாப்பிடப் போகவில்லை. முகம் தெரியாத மனிதர், ஆனாலும் மனசு கேட்கவில்லை. நான் கட்டிய பொட்டலம் அவர் உயிரோடு இருக்கும்போதே போய்ச் சேர்ந்ததா? ஒரு நாளாவது வலி இல்லாமல் இருந்தாரா?

உன் கடிதம் உன் கடிதம் மாதிரியே இல்லை. ஒரு கிண்டல் இல்லை, ஒரு திட்டு இல்லை. மாத்திரை அனுப்பாதே என்று மொட்டையாக எழுதியிருக்கிறாய். அப்பா ஏதாவது சொன்னாரா? இவன் கொடுத்து நான் பிழைக்க வேண்டுமா என்று பழைய கோபம் திரும்பிவிட்டதா? சொன்னால் சொல்லிவிடு. எங்களுக்குள் போக்குவரத்து என்று இருந்ததே அந்த மாத்திரை ஒன்றுதான் அக்கா. அதுவும் வேண்டாம் என்றால் எனக்குத் தெரிய வேண்டும்.

தம்பி

ஏப்ரல் 12

அன்புள்ள தம்பி,

நல்ல செய்தியோடு ஆரம்பிக்கிறேன். அப்பாவுக்கு மூத்திரம் வந்துவிட்டது! சிரிக்காதே. வார்டில் நர்ஸ் பையைத் தூக்கிக் காட்டியபோது பரிசுக்கோப்பையைத் தூக்கிக் காட்டுகிற மாதிரி இருந்தது. நான் அழுதேன். அப்புறம் நாளுக்கு நாள் கூடியது. மெஷினை நிறுத்தினார்கள். இப்போது வீட்டில் இருக்கிறார். ரத்தத்தில் கிரியாட்டினின் என்கிற கழிவு இன்னும் முழுதாக இறங்கவில்லை, ஆனால் இறங்குகிறது. புத்தியும் தெளிந்துவிட்டது.

தெளிந்துவிட்டது என்றுதான் டாக்டர் சொன்னார்.

சாயங்காலம் விளக்குப் போட்டதும் கூடத்தில் உட்கார்கிறார். எதிர் நாற்காலியைச் சுவரோரத்திலிருந்து தானே இழுத்துப் போடுகிறார். ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் பிடித்து அதன் பக்கத்தில் வைக்கிறார். "யாருக்குப்பா?" என்று கேட்டேன். "தபாலண்ணனுக்கு. அவருக்கும் அளந்துதானே ஊத்துனாங்க, கடைசிவரைக்கும் தண்ணி தண்ணின்னாரு" என்றார். எதையோ உளறுகிறவர் மாதிரி இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குத் தண்ணீர் வைக்கிற மாதிரிதான் சொன்னார். பிறகு நாற்காலியைப் பார்த்துத் தலையாட்டுகிறார். எனக்கு அந்தக் கூடத்தைத் தாண்டி அடுப்படிக்குப் போகவே கால் வரவில்லை. நம் வீடுதான், நான் பிறந்த வீடுதான். இருந்தாலும் அந்த நாற்காலியில் இடிக்காமல் சுற்றிக்கொண்டு போகிறேன்.

காலையில் அவர் எழுவதற்குள் தம்ளரை எடுத்து வாசல் செடிக்கு ஊற்றிவிடுகிறேன். காலித் தம்ளரைப் பார்த்தால் அப்பாவின் முகம் கொஞ்சம் ஆறுகிறது.

உன்மேல் அவருக்குக் கோபம் இல்லை. அதை மட்டும் நம்பு. நீ கேட்ட மற்றவற்றுக்கு அப்புறம் எழுதுகிறேன்.

அக்கா

ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

பரிசுக்கோப்பைச் செய்தி படித்து அறையே கை தட்டியது. அப்பாடா!

நாற்காலி விஷயம்தான் என்னவோ செய்கிறது. ஆஸ்பத்திரியில் பட்ட பயம் போகப் போகத் தெளியும் என்று நினைக்கிறேன். அவரைத் தனியாக விடாதே.

ஆனால் "அப்புறம்" என்றால் எப்போது? நீ எதையோ விழுங்குகிறாய். சின்ன வயதிலிருந்தே நீ பொய் சொல்ல மாட்டாய், பாதியில் நிறுத்திவிடுவாய். கோபம் இல்லையென்றால் வேறு என்ன?

உங்கள் ஊர்க் காய்ச்சல் லாரி ஏறி இங்கேயும் வந்துவிட்டது. அறையில் பாதிப் பேர் இருமுகிறார்கள். எனக்கும் நேற்றிலிருந்து உடம்பு அனலாக இருக்கிறது, வாய் கசக்கிறது, தண்ணீர்கூட இறங்கவில்லை. கவலைப்படாதே. என்னிடம்தான் தம்பி மாத்திரை இருக்கிறதே! காலையும் மாலையும் போட்டுக்கொண்டு பம்ப்புக்குப் போய்வருகிறேன். அப்பாவைத் தாங்கிய மருந்து என்னைத் தாங்காதா?

தம்பி

மே 2

தம்பி,

மாத்திரையைப் போடாதே. இதைப் படிக்கிற நிமிஷத்தோடு நிறுத்து. தண்ணீர் குடி. மூத்திரம் குறைந்தாலோ கறுத்தாலோ ஓடிப்போய் டாக்டரைப் பார், என்ன மாத்திரை போட்டாய் என்று முதலில் சொல்.

அப்பாவின் சிறுநீரகம் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். காய்ச்சலில் உடம்பு வற்றிக் கிடக்கும்போது அந்த வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியிலும் யாருக்கும் தெரியாமல் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பையை வீட்டில் கொட்டினேன். வாஷர்களுக்கு அடியில் வெறும் அட்டைகளாகக் கிடந்தன. ஓடிப்போய் டாக்டரிடம் கொடுத்தேன். உனக்குத்தான் சொல்லவில்லை. உன்னிடம் இருந்த ஒரே சந்தோஷத்தில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை. பாவி, நான் வாயை மூடிக்கொண்டிருந்தது உன் தலையில் விடிந்துவிட்டதே.

ஆபீஸ் போனுக்குக் கூப்பிட்டேன். "படுத்திருக்கான், சொல்றேன்" என்று குமாஸ்தா வைத்துவிட்டான். மறுபடி எடுக்கவே இல்லை.

போடாதேடா.

அக்கா

மே 26

அன்புள்ள தம்பி,

பதில் இல்லை. நீ நன்றாக இருக்கிறாய் என்று எழுதிக்கொள்கிறேன். எழுதினால் அப்படி ஆகிவிடாதா!

போனில் இன்று வேறு ஒருவர் பேசினார். உன்னை லாரியில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம், அதற்கு மேல் தெரியாதாம். எந்த ஆஸ்பத்திரி என்றேன். ஆஸ்பத்திரிதான் என்றார்.

அப்பாவிடம் நீ வேலை மும்முரத்தில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறேன். நம்பவில்லை. நேற்றுச் சாயங்காலம் நாற்காலியைப் பார்த்து, "இன்னும் வரலண்ணே" என்று சொன்னார். கடிதம் வந்துச்சா என்ற அந்தக் கேள்வி என் காதிலும் விழுந்த மாதிரி இருந்தது. தபால்காரர் வார்டில் எப்படிக் கேட்பாரோ, அதே இழுப்போடு. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வெறும் கையெழுத்தாவது போட்டு அனுப்பு.

அக்கா

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன். எழுத்துக் கோணியிருந்தால் கைதான் காரணம்.

உன் கடிதம் வருவதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. மூத்திரம் தேயிலைத் தண்ணீர் மாதிரி போனது, அப்புறம் அதுவும் இல்லை. டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், "காய்ச்சலோட வலி மாத்திரை ஏதாவது போட்டீங்களா?" என்று கேட்டாள். எங்கள் அப்பாவுக்கே அதுதான் கொடுக்கிறேன் என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவள் முகம் போன போக்கிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. மெஷின்வரை போகவில்லை. சலைன் ஏற்றி, மாத்திரையை நிறுத்தி, மெல்ல மெல்லத் திரும்பிவிட்டது. முகாமுக்கு வந்து பார்த்தால் உன் கடிதங்கள் தலையணைமேல் கிடக்கின்றன.

உன்மேல் கோபம் இல்லை. கோபப்படத் தெம்பும் இல்லை. ஆனால் ஒன்றை நீ இன்னும் விழுங்கிக்கொண்டிருக்கிறாய். தபால்காரர். அப்பா அவருக்கு எவ்வளவு கொடுத்தார்? ஒரு தடவையா, தினமுமா? என்னைக் கைராசிக்காரன் என்று சொன்ன ஒரே மனிதரை நான் என்ன செய்தேன் அக்கா? நான் அனுப்பிய பொட்டலத்தில் "தபால் ஐயாவுக்கு" என்று என் கையால் எழுதினேன். அது எங்கே இருக்கிறது?

பாதியில் நிறுத்தாமல் சொல்.

தம்பி

ஜூன் 25

சின்னவனுக்கு,

அப்பா எழுதுகிறேன். பழக்கமில்லாத வேலை, தப்பிருந்தால் தள்ளிப் படி. நீ பிழைத்துக்கொண்டாய் என்று அக்கா படித்துக் காட்டியதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு மூத்திரம் நன்றாகப் போகிறது. உனக்கும் போகட்டும். அதற்குமேல் ஒரு மனிதனுக்கு என்ன நலம் வேண்டியிருக்கிறது.

நீ கேட்டதற்கு அவளால் பதில் எழுத முடியவில்லை. எழுதுகிறாள், கிழிக்கிறாள். நானே சொல்கிறேன். கொடுத்தேன். அவர் கேட்டபோதெல்லாம் கொடுத்தேன், கேட்காதபோதும் கொடுத்தேன். என் பையன் அனுப்பினது என்று சொல்ல வாய்ப்புக் கிடைக்கிறதே என்று கொடுத்தேன். நீ தனியாகக் கட்டிய பொட்டலம் அவர் போன பிறகுதான் வந்தது. அதை அக்கா பிரிக்காமல் குழி தோண்டிப் புதைத்தாள். அதனால் அதை நினைத்து நீ மறுக வேண்டாம். அவர் தின்றது என் டப்பாவிலிருந்து, என் கையால்.

டாக்டரிடம் கேட்டேன். ஆஸ்பத்திரிக்கு வரும்போதே அவர் சிறுநீரகம் பாதி கெட்டிருந்ததாம், மாத்திரை இல்லாவிட்டாலும் போயிருக்கலாம் என்றார். போயிருக்கலாம் என்றுதான் சொன்னார். நான் இன்னொரு தடவை கேட்டேன். அதையேதான் சொன்னார்.

தபாலண்ணன் சம்சாரம் ஒரு நாள் வீட்டுக்கு வந்தது. "கடைசியில உங்க பையன் மாத்திரையாலதான் அவரு கொஞ்சம் வலி மறந்து கண்ணசந்தாரு. பையனுக்கு என் நன்றியைச் சொல்லுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டது. நான் சொல்லிவிட வாயைத் திறந்தேன். தண்ணீர் குடிக்கிறீர்களா என்றுதான் வந்தது. அக்கா அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள், சத்தம் வெளியே கேட்கக் கூடாதாம். ஓடுகிற குழாயின் சத்தம் எது, அழுகிற சத்தம் எது என்று எனக்கா தெரியாது.

நன்றியைச் சொல்லச் சொன்னது. சொல்லிவிட்டேன். அதை நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியவில்லை. நான் என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

யார் போட்ட ஜாயின்ட் என்று இப்போது நாம் பார்க்க வேண்டாம். இந்தத் தடவை முதலில் வால்வை மூடுகிறேன். உன் தப்பு இதில் ஒன்றும் இல்லை. ஊற்று அடங்கியதும் வீட்டுக்கு வா.

தம்ளரை அக்கா காலையில் செடிக்கு ஊற்றுவது எனக்குத் தெரியும். தண்ணீர் போன வழியைக் குழாய்க்காரனிடம் மறைக்க முடியுமா? ஊற்றட்டும், அவளுக்கு ஆறுதலாக இருந்தால் சரி. ஆனால் அவர் வருகிறார். வார்டில் இருந்த அதே சட்டைதான். தண்ணீரைத் தொடுவதில்லை. மாத்திரையைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. ஏன்டா கொடுத்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் தேவலை. கேட்க மாட்டேன் என்கிறார். எதிரே உட்கார்ந்துகொண்டு தினமும் அதே கேள்விதான். "பையன்கிட்டேர்ந்து உங்க பேருக்குக் கடிதம் வந்துச்சா மேஸ்திரி?"

உயிரோடு இருந்தவரிடம் தனியாக வரும் என்று பொய் சொன்னேன். செத்தவரிடம் சொல்ல நா எழவில்லை. இன்னும் வரவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதனால் ஒன்று செய். என் பெயரை எழுதி ஒரு கவர் அனுப்பு. திருப்பி அனுப்ப மாட்டேன். எழுதத் தோன்றினால் எழுது, இல்லாவிட்டால் உள்ளே ஒன்றும் வைக்க வேண்டாம், வெறும் கவர் போதும். அவர் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தாலே காலி என்று கண்டுபிடித்துவிடுவார். பரவாயில்லை. மேலே என் பெயர் இருந்தால் சரி, அவரிடம் காட்ட வேண்டும்.

உன் அப்பா